ஏழாம் ஷெட்டுக்கான விரல்

ஏழாம் ஷெட்டுக் கோழிகள் கூண்டோடு செத்துப்போனதற்கு மறுநாள் காலையில் பூங்கோதைக்கு வலது காலின் இரண்டாவது விரல் அரிக்கத் தொடங்கியது. விரல் அரித்தால் உலகத்தார் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள், செருப்பைக் கழற்றிச் சொறிந்தாள், அடங்காமல் தேங்காயெண்ணெய் தடவினாள், எண்ணெய்க்கும் அடங்காமல் காலை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், அப்போது நாமக்கல்லுக்கு வெளியே கொல்லிமலையைப் பார்த்தபடி நிற்கும் வெண்கொண்டை முட்டைக் கம்பெனியின் ஏழாம் ஷெட்டில் எலக்ட்ரீசியன் புதுப் பெட்டியில் கேபிளைச் சொருகினார், பச்சை விளக்கு எரிந்தது, அரிப்பு அந்த நொடியே நின்றுபோயிற்று.

பூங்கோதை அந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவள். பத்து ஷெட், ஒரு தீவன மில், ஒரு முட்டைக் குடோன், ஓர் ஆபீஸ் என்று பரந்து கிடந்த கம்பெனியின் கம்ப்யூட்டர்கள், கேமராக்கள், ஃபேன்கள், எடை மெஷின்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு நடுவில் ஸ்விட்ச் என்ற பெயரில் பச்சைக் கண்ணைச் சிமிட்டும் பெட்டிகள் இருந்தன, அந்தப் பெட்டிகளுக்கு அவள் ஒருத்தி இருந்தாள். சித்திரை வெயிலில் ஏழாம் ஷெட் பெட்டி வெந்து செத்தபோது ஃபேன்களை ஓட்டச் சொல்லும் ஆபீஸ் கம்ப்யூட்டரின் குரல் அங்கே போய்ச் சேரவில்லை, ஃபேன்கள் நின்றன, ஆனால் ஆபீஸ் திரையிலோ கடைசியாக வந்த குளுகுளு வெப்பநிலையே, மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் மாதிரி, சாயங்காலம்வரை அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தது. இப்படி நடக்காமலிருக்க நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சாப்ட்வேர் ஒன்று வாங்கலாம் என்று அவள் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாளி ராக்கியண்ணன் மூன்று வருஷமாக, "பாப்பமுங்க அம்முணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் இடது கால் கட்டைவிரல் அரித்தது. பூங்கோதை கொஞ்சம் யோசித்து, விரல்களை இடது ஓரத்திலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டு ஐந்தாம் ஷெட்டுக்குப் போன் போட்டாள். எலி கேபிளைக் கடித்துக்கொண்டிருந்தது, கையும் வாயுமாகப் பிடிபட்டது.

அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தீவன மில் படுத்துக்கொண்டால் அவளுக்கு இடது முழங்கால் மரத்தது, முட்டைக் குடோன் தகராறு செய்தால் வலது முழங்கை குறுகுறுத்தது, ஆபீஸ் சர்வர் சூடானால் பிடரி வேர்த்தது, ஊர் பேர் தெரியாத போன் ஒன்று கம்பெனி வைஃபைக்குள் நுழைந்தால் அடுக்குத் தும்மல் வந்தது, மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு வரிக்கணக்கு அனுப்பும்போது லைன் நெரிசலாகி அவள் வயிறு பூரி போல உப்பியது. பத்து விரலும் ஒரே சமயத்தில் அரித்தால் கோளாறு விரல்களில் இல்லை, கணுக்காலில், அதாவது ஷெட்டுகளுக்கெல்லாம் தாயாக இருக்கும் பெரிய ஸ்விட்ச்சில் என்பதும் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. அன்றைக்கு ஆட்களைப் பத்து ஷெட்டுக்கும் ஓடவிடாமல் ஓர் இடத்துக்கு அனுப்பிப் பத்து அரிப்பையும் நிறுத்தினாள்.

அந்தச் சித்திரையின் மிச்ச நாட்களிலும் அடுத்த சித்திரையிலும் வெயிலால் ஒரு கோழிகூடச் சாகவில்லை. கம்பெனி அந்த அதிசயத்தை, புது மருமகளை ஏற்றுக்கொள்ளும் குடும்பம் போல, முதலில் வியந்து, அப்புறம் பழகி, அப்புறம் வேலை வாங்கத் தொடங்கியது. விரல்கள் எப்போதும் காற்றாட இருக்க வேண்டுமென்று அவளுக்கு ஷூ போடத் தடை வந்தது. கால் வைத்துக்கொள்ள வெல்வெட் முக்காலி வந்தது. ராசிபுரத்துத் தோல் டாக்டர் கொடுத்த களிம்பை அவள் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்ட ராக்கியண்ணன், "ஏனுங்க அம்முணி, அலாரத்து மேல துணியப் போட்டு மூடுவாங்களா?" என்று பதறி டியூபைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். கம்பெனிச் சொத்துகளின் வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஜெனரேட்டருக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே அவள் கால்களும் சேர்ந்தன, அதன்படி மாதம் ஒருமுறை ஒருவர் வந்து நகம் வெட்டிவிட்டுப் போனார்.

கூட வேலை செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. குடோன் பொறுப்பாளர் தனசீலனுக்கு டீ குடிக்கத் துணை வேண்டுமென்றால் ஒரு கேபிளை உருவிவிடுவான். முழங்கையைப் பிடித்துக்கொண்டு பூங்கோதை வந்து நிற்பாள், அதற்குள் இரண்டு டீ சொல்லியிருப்பான். கணக்குப் பிரிவின் ஜெயக்கொடிக்குச் சலிப்புத் தட்டினால் சர்வருக்கு 'இருக்கியா, இருக்கியா' என்று கேட்கும் பிங்கை வரிசையாக அனுப்புவாள், பூங்கோதை பிடரி கூசிச் சிரிப்பை அடக்க முடியாமல் முதலாளி முன்னால் கிக்கிக்கியென்று சிரித்து வைப்பாள். பக்கத்து ஸ்பின்னிங் மில்காரர்கள் பழக்கூடையோடு வந்து கால்களைப் பார்த்துவிட்டு, தங்கள் ஆட்களுக்கும் இப்படி ஏதாவது வரவைக்க முடியுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கஷ்டம் அவள் வீட்டில் இருந்தது. அவள் புருஷன் மாதேஸ்வரன் லாரி பாடிக்கு மயிலும் தாமரையும் வரையும் பெயிண்டர், பொறுமைசாலி. கொடைக்கானலுக்குப் போய்வரலாமென்று இருவரும் ஒருமுறை கிளம்பினார்கள். பாதி மலையில் மூன்றாவது விரல் அரித்தது. படகில் உட்கார்ந்தபோது முழங்கால் மரத்தது. ஏரியை முழுசாகப் பார்க்காமல் போனில் கத்திக்கொண்டே படகைவிட்டு இறங்கினாள்.

"ஏம்புள்ள," என்றான் மாதேசு திரும்பி வரும்போது, "ஒனக்குக் காலு வலிச்சா, அது உன்ற காலு வலிக்குதா, கம்பெனி வலிக்குதான்னு எப்புடிக் கண்டுபுடிப்ப?"

"எங்காலு எதுக்கு மாமா வலிக்கப் போகுது?" என்றாள் பூங்கோதை. சொன்னபோது அது அவளுக்கு விசித்திரமாகவே படவில்லை.

அடுத்த நாளே போய் மறுபடியும் சாப்ட்வேர் கேட்டாள். ராக்கியண்ணன் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"அம்முணி, வூட்டுல பசு வச்சுக்கிட்டு எவனாச்சும் பாக்கெட் பாலு வாங்குவானுங்களா?"

"பசுவும் ஒரு நாளு லீவு போடோணுமுங்க."

"பசு லீவு கேட்டு நான் பாத்ததில்லீங்க," என்றார் அவர், பேச்சு முடிந்தது.

அவரை அசைத்தது பூங்கோதை அல்ல, துபாய். அங்கிருந்து முட்டை வாங்கும் கம்பெனி ஓர் அதிகாரியை ஆய்வுக்கு அனுப்பியது. ஷெட்டுகளின் வெப்பநிலையை எப்படிக் கண்காணிக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். ராக்கியண்ணன் பெருமையோடு அவரை அழைத்துப்போய் வெல்வெட் முக்காலியைக் காட்டினார். அதிகாரி மரியாதை தெரிந்தவர், குனிந்து கால்களைப் பார்த்தார், அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டார், ஒரு கேபிளை உருவிப் பார்த்து விரல் சிவப்பதையும் நேரில் கண்டார். பிறகு, இது மிக நல்ல ஏற்பாடு, ஆனால் போன வாரம் செவ்வாய்க்கிழமை எந்த விரல் எவ்வளவு நேரம் அரித்தது என்பதற்கு அத்தாட்சி இல்லையே, எனவே சாப்ட்வேர் இல்லாவிட்டால் முட்டையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினார்.

மூன்று கம்பெனிகளிலிருந்து ஆட்கள் செயல்விளக்கம் காட்ட வந்தார்கள். சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவர், பெங்களூரிலிருந்து டை கட்டாத ஒருவர், சேலத்திலிருந்து நஸ்ரின் என்ற பெண். நஸ்ரின் மட்டும் பத்து நாள் முன்னாலேயே வந்து, ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, தன் சாப்ட்வேரை அதில் போட்டு ஒரு மூலையில் ஓடவிட்டுப் போயிருந்தாள். "காய்ச்சல் எதுன்னு சொல்லணும்னா மொதல்ல சாதா சூடு எதுன்னு தெரியணும்ல? சும்மா பாத்துக்கிட்டு இருக்கட்டும் சார்" என்றாள். சும்மா என்ற சொல் ராக்கியண்ணனுக்குப் பிடித்திருந்தது.

செயல்விளக்கத்தன்று காலையில் பூங்கோதைக்குத் தொப்புளைச் சுற்றி வலித்தது. வயிறென்றால் நெரிசல். கணக்குப் பிரிவுக்குப் போய், "ஜெயா, என்னத்தயோ பெருசா அனுப்பறயா?" என்றாள். ஜெயக்கொடி சத்தியமாக இல்லையென்றாள். பூங்கோதை ஒரு சோடா குடித்துவிட்டு மீட்டிங் ஹாலில் போய் உட்கார்ந்தாள்.

சென்னைக்காரர் சுவரை அடைத்து ஒரு திரையை விரித்தார். அவர் சாப்ட்வேருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தது, டிங். வாட்ச்மேன் போனில் சார்ஜ் குறைந்தது, டிங். யாரோ பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார்கள், அதையே சரியாக அடித்தார்கள், டிங், டிங். அவர் நெட்வொர்க் என்ற சொல்லை விளக்கி முடிப்பதற்குள் திரை சிவப்பும் மஞ்சளுமாக நிரம்பி வழிந்தது.

ராக்கியண்ணன் காதைக் குடைந்துகொண்டார். "இத்தனை வருசமா நானும் கோழி வளத்தறேன். முட்டையே போடாம இத்தனை கொக்கரிக்கறத இப்பத்தான் பாக்கறனுங்க."

"எல்லாமே அவசரம்னா எதுவுமே அவசரமில்லைன்னு ஆயிடுமுங்க," என்றாள் பூங்கோதை. வலி இப்போது தொப்புளைவிட்டு வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. நெரிசல் குடோன் பக்கம் நகர்ந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பெங்களூர்க்காரருடையது அழகான சாப்ட்வேர், சத்தமே போடவில்லை, ஏனென்றால் அதன் கண்ணுக்கு இரண்டே பெட்டிகள்தான் தெரிந்தன. கம்பெனியின் பெட்டிகள் பல வருஷங்களாக எந்தக் கடையில் மலிவோ அந்தக் கடையில் வாங்கியவை, பல குலம், பல கோத்திரம். இவருடையதோ தன் கம்பெனி தயாரித்த பெட்டியோடு மட்டும்தான் பேசும். மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் பிரமாதமாக வேலை செய்யும் என்றார்.

"பொண்ணுக்குச் சீலை எடுக்கப் போனா, சீலைக்குத் தக்கன பொண்ண மாத்தச் சொல்றீங்களே தம்பி," என்றார் ராக்கியண்ணன்.

அதற்கு எழுந்த சிரிப்புக்கு நடுவில்தான் பூங்கோதை மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், எழுந்தவள் பெங்களூர்க்காரரின் மடிக்கணினிக்கு மிகப் பக்கத்தில் வாந்தி எடுத்தாள்.

கம்பெனி உடனே செயலில் இறங்கியது. இவ்வளவு பெரிய நெரிசலை அவர்கள் பார்த்ததேயில்லை. "எவன்டா அது சினிமா எறக்கறது?" என்று ராக்கியண்ணன் வராந்தாவில் நின்று கத்தினார். முகம் வெளிறிப்போன தனசீலன் ஓடிவந்து, தான்தான், ஆனால் நேற்று, அதுவும் பாதிப் படம் என்று ஒப்புக்கொண்டு போனைத் தண்ணீர் டிரம்மில் போட்டான். ஜெயக்கொடி கணக்குப் பிரிவின் கேபிள்களையெல்லாம் கொத்தாகப் பிடுங்கினாள். எலக்ட்ரீசியன் தீவன மில்லுக்கு ஓடினார், கேமராக்களை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அணைக்க அணைக்க வலி ஏறியது. பூங்கோதை தரையில் சுருண்டு படுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, "குடோன் லைன்ல பாருங்க, அந்தப் பக்கந்தான், அந்தப் பக்கந்தான்" என்று வழிசொல்லிக்கொண்டிருந்தாள், ஒவ்வொருவரும் திரும்பி வந்து ஒன்றுமில்லை என்று சொல்லும்போதும் அவளுக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது, ஒழுங்காகத் தேடவில்லை என்று.

நஸ்ரின் மட்டும் ஓடவில்லை. மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," என்றாள், "லைன்ல நெரிசல் இல்ல."

"இருக்குது. எனக்குத் தெரியாதா?"

"காலைலேர்ந்து இல்ல. பத்து நாளா பாத்துட்டிருக்கு, இந்த நேரத்துக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் போயிருக்கு. இப்ப இவங்க புடுங்கினது மட்டுந்தான் செவப்பு. அதுக்கு முன்னாடி எல்லாம் பச்சை." திரையை அவள் பக்கமாகத் திருப்பிவைத்தாள். "வந்து பாருங்க."

இருவர் தாங்கிப் பிடிக்க பூங்கோதை திரையைப் பார்த்தாள். பத்து ஷெட், மில், குடோன், சர்வர், எல்லாம் வரிசையாக அவரவர் பெயரோடு இருந்தன. யாருக்குக் கீழே யார் என்ற குடும்ப மரம் இருந்தது. காலையிலிருந்து ஓடிய கோடு ஏரித் தண்ணீர் மாதிரி ஒரு சலனமுமில்லாமல் கிடந்தது. அவள் அதை நம்பாமல் பார்த்தாள், ஓரிடத்திலாவது கோடு எகிறியிருக்கும் என்று தேடிப் பார்த்தாள், தன் உடம்பை முதன்முதலாக யாரோ ஒருவருடைய உடம்பாக எண்ணிப் பார்ப்பது போல் வயிற்றின் வலப்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

"அப்ப இது என்னுது," என்றாள்.

அவளுக்கென்று ஒரு வலி இருக்கும் என்பதை யாரும், அவள் உட்பட, கணக்கில் எடுத்திருக்கவில்லை. எந்தக் கேபிளைச் சொருகினால் இது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் பூங்கோதை. பிறகு, முதலாளியைப் பார்த்து, அவருடன் பேசிய இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக மரியாதை விகுதியையெல்லாம் விட்டுவிட்டு, "வண்டிய எடு!" என்று கத்தினாள்.

ராக்கியண்ணனே வண்டியை எடுத்தார். முட்டை வேன்தான் வாசலில் நின்றது. வேகத்தடைகளில் தட்டுத்தட்டாக முட்டைகள் உடைந்து கதவிடுக்கில் மஞ்சளாக ஒழுகின, அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததென்றும் இன்னும் சித்த நேரம் கழிந்திருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றும் டாக்டரம்மா சொன்னார். இத்தனை நேரம் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு ராக்கியண்ணன், "கேமராவ ஆஃப் பண்ணிப் பாத்தமுங்க" என்றார். டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ராக்கியண்ணன் சாத்துக்குடிப் பையோடு வார்டுக்கு வந்தார். கட்டிலருகே மாதேசு உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. ராக்கியண்ணன் நின்றுகொண்டே பேசினார்.

"அந்தச் சேலத்துப் புள்ளையோடதே வாங்கிப்போட்டேனுங்க அம்முணி. துபாய்க்காரங்களுக்கும் சொல்லியாச்சு."

"அத எதுக்கு எடுத்தீங்க?"

"உங்கள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதாலதானுங்க."

பூங்கோதை கண்ணை மூடியபடியே கேட்டாள். "நம்மகிட்ட இருக்கற எல்லாப் பெட்டியோடவும் பேசுதுங்களா?"

"பேசுதுங்க. தீவன மில்லுல ஒரு பழசு இருக்குதே, அதுகிட்டக்கூடப் பேசுது."

"கத்துனா யாருகிட்டக் கத்தும்?"

"அதான் கேக்கலாம்னு…"

"ஷெட்டுல ஏதாச்சும்னா மொதல்ல தனசீலனுக்குப் போகோணும். அவன் பாக்கலைன்னா எலக்ட்ரீசியனுக்கு. அவரும் பாக்கலைன்னா உங்களுக்கு. பேப்பர் தீந்துபோச்சு, சார்ஜ் போச்சுங்கறதெல்லாம் யாருக்கும் போகக் கூடாது. அத நஸ்ரின்கிட்டச் சொல்லிப்போடுங்க. எனக்கு ஒரு மாசம் லீவு."

"ஒரு மாசமுங்களா?" என்றார் ராக்கியண்ணன். மாதேசு அவரை நிமிர்ந்து பார்த்தான். "சரிங்க, ஒரு மாசம்," என்றார்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அலறியது. அவர் துள்ளினார். எடுத்துப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் தேடினார், மறுபடியும் பார்த்தார். "ஒண்ணாம் ஷெட்டுன்னு செவப்பாக் காட்டுதுங்க! தனசீலன் எங்க போய்த் தொலைஞ்சான்? அவன் போனு…" அது தண்ணீர் டிரம்முக்குள் போனது அவருக்கு நினைவு வந்தது. "எலக்ட்ரீசியன் ராசிபுரத்துல கல்யாணத்துக்குப் போயிருக்கான். ஏனுங்க அம்முணி, வெயிலு ஏறுது, இப்ப நான் என்ன பண்ணோணும்?"

"போகோணுமுங்க," என்றாள் பூங்கோதை.

வெண்கொண்டை கம்பெனியின் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வார்டின் நடுவே ஓடினார், நர்ஸ் ஓடாதீங்க என்று சொல்வதற்குள் படியிறங்கிவிட்டார். கீழே வேன் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

மாதேசு ஒரு சாத்துக்குடியை உரிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அரிக்குதா?"

"ம்."

"எந்த வெரலு?"

"எடது சுண்டுவெரலு."

அவன் பழத்தைக் கீழே வைத்தான், கையைத் துடைத்துக்கொண்டான், போர்வையை விலக்கி அவள் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துச் சொறிந்துவிட்டான்.